பதினோராம் பாட்டு

மத்திய சிறை, கடலூர்
9 ஜூன் 2024

அன்புத் தங்கை ஹேமாவதிக்கு அண்ணன் ஜெயராமன் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். உன் முதுகுவலி எப்படி இருக்கிறதோ, பவ்யா எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறாளோ என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

இது நான் உனக்கு எழுதும் பன்னிரண்டாவது கடிதம். முதல் பதினொன்றுக்கும் நீ பதில் போடவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. இந்தமுறை ஓர் உதவி கேட்டு எழுதுகிறேன்.

நான் இங்கே பி.ஏ. தமிழ் படிக்கிறேன். இது கடைசி வருடம். லேத்து பட்டறையில் கிரீஸ் கையோடு திரிந்தவன் இலக்கணம் படிக்கிறான் என்றால் நம்புவாயா? எங்கள் பிளாக்கில் மூன்றாம் வருடம்வரை வந்தவர்கள் நான்கே பேர். அதில் நானும் ஒருவன்.

கதைப்பாடல் தாளில் ‘குவளையாள் ஓடப்பாட்டு’ என்று ஒரு பழைய நூல் பாடமாக இருக்கிறது. எங்களுக்குக் கொடுத்திருப்பது கதைச்சுருக்கம் மட்டும்தான். மூலம் இங்குள்ள நூலகத்தில் இல்லை. அம்பத்தூர் நூலகத்தில் கிடைக்கலாம் என்று இங்கே பாடம் எடுக்க வரும் ஆசிரியர் சொன்னார். கிடைத்தால் நகல் எடுத்து அனுப்ப முடியுமா? வேறு எதுவும் கேட்கமாட்டேன்.

உங்கள் இருவரின் நலமே வேண்டும்
அண்ணன்
ஜெயராமன்


திருமுல்லைவாயில்
30 ஜூன் 2024

அண்ணனுக்கு,

இங்கு நலம். முதுகுவலி போய்விட்டது.

என் வீட்டுக்காரரைக் கொன்ற கை எழுதிய கடிதத்தைப் பிரிக்கக் கூடாது என்றுதான் ஒன்பது வருடமாக வைத்திருந்தேன். பதினொன்றும் பீரோவில் ஒட்டியபடியே இருக்கின்றன. பன்னிரண்டாவதை ஏன் பிரித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பிரித்துவிட்டேன், புத்தகம் கேட்டிருந்தாய், அவ்வளவுதான்.

புத்தகம் இருக்கிறது. ஆனால் தாள் அப்பளமாய் நொறுங்குகிறது. வெளியே கொடுக்கமாட்டார்களாம், ஜெராக்ஸ் எடுக்கவும் விடமாட்டார்களாம். உட்கார்ந்து எழுதிக்கொண்டு போகலாம் என்றார்கள். மொத்தம் இருபத்துநான்கு பாட்டு. கம்பெனிக்கு ஞாயிறு மட்டும் லீவு. இப்போது ஐந்து பாட்டு எழுதி வைத்திருக்கிறேன், மீதி முடிந்தபோது வரும்.

எழுத்துப் பிழை இருக்காது. ப்ளஸ் டூவில் தமிழில் பள்ளியிலேயே முதலாக வந்தவள் நான். உனக்கு மறந்திருக்கும்.

ஹேமாவதி


மத்திய சிறை, கடலூர்
14 ஜூலை 2024

என் அருமைத் தங்கைக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்து நான் பட்ட பாட்டை எழுத எனக்குத் தமிழ் போதாது. நான் நலம். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை, அது சந்தோஷத்தினால்.

மாலையில் லாக்கப்புக்கு முன்னால் ஐந்து பாட்டையும் உரக்கப் படித்தேன். பக்கத்து அறை ஜஸ்டின், காசிமேட்டுக்காரன், படகோட்டிய ஆள். நடுவிலேயே நிறுத்திவிட்டான். “இன்னா அண்ணாத்தே, நாலு அடிக்கு ஒருவாட்டி மூச்சு வாங்கினு நிக்கிற?” என்றான். “நான் நிக்கல, பாட்டே அங்கதான் நிக்குது” என்றேன். அவன் கையை முன்னால் நீட்டி இழுத்துக் காட்டினான். “அது துடுப்பு வலிக்கிற எடம். நாங்க இப்டித்தான் பாடுவோம்” என்றான். கதைச்சுருக்கத்தில் இதெல்லாம் எங்கே இருக்கிறது? மூலத்தைப் படிப்பது வேறுதான்.

கதையை நீயும் தெரிந்துகொண்டிருப்பாய். குவளையாளின் கணவன் நீலன் ஓடக்காரன், சூதாடி. அவள் சிலம்பையும் வைத்து ஆடித் தோற்கிறான். கோட்டைக் காவலனான அவள் அண்ணன் வல்லான் பொறுக்க முடியாமல் ஓடத்தில் துளையிடுகிறான். நடு ஆற்றில் நீலன் மூழ்கிவிடுகிறான். பாடக் குறிப்பில் இதை வீரக்கதைப் பாடல் என்று போட்டிருக்கிறார்கள். வல்லானின் செயலுக்குக் காரணம் தங்கைப் பாசம். ‘உடன்பிறப்பின் உயர்வுக்கு இலக்கணமானவன்’ என்று ஒரு வரி. அதை நோட்டில் எழுதும்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நீ புரிந்துகொள்வாய்.

பவ்யா என்ன படிக்கிறாள்? ஒரு வரி எழுது.

என்றும் உன் அண்ணன்
ஜெயராமன்


திருமுல்லைவாயில்
11 ஆகஸ்ட் 2024

அண்ணனுக்கு,

நலம். ஆடி மாதக் காற்றில் எல்லோருக்கும் இருமல், எனக்கும் வந்து போனது.

ஆறிலிருந்து பதினொன்று வரை இத்துடன். பவ்யா எம்.எஸ்ஸி. முதல் வருடம், வேதியியல். கல்லூரியில் ஆய்வுக்கூடத்துச் சாவியை அவளை நம்பிக் கொடுக்கிறார்கள். நம் வீட்டில் இதற்கு முன் யாரும் அந்த வாசலை மிதித்ததில்லை. அவள் அப்பா இருந்திருந்தால் தன் ஆட்டோவின் பின்னால் எழுதியே ஒட்டியிருப்பார்.

நான் உனக்கு எழுதுவது அவளுக்குத் தெரியாது.

கையால் எழுதினால் கண் எதையும் தாண்டிப் போக முடியாது. படித்தால் தாண்டிவிடலாம். பதினோராம் பாட்டில் இரண்டு வரியை நான் நாலுமுறை சரிபார்த்து எழுதியிருக்கிறேன். கோட்டைக் காவலன் ஆற்றங்கரைக்கு வருகிறான். நீலன் அவனை ஏற்றாமல் மற்றவர்களை ஏற்றுகிறான்.

‘ஏறியவர் ஏறிவிட ஏலேலோ நின்றானே
சேறுபட நின்றானைச் சிரித்ததே கரையெல்லாம்.’

சிலம்பு தோற்றது மூன்றாம் பாட்டில். அப்போது வல்லான் சும்மாதான் இருக்கிறான். துளை போடுவது பன்னிரண்டாம் பாட்டில்.

பதினோராம் பாட்டை இன்னொருமுறை படி.

ஹேமாவதி


மத்திய சிறை, கடலூர்
25 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கைக்கு,

இருமலுக்குச் சுக்கு போட்டுக் குடிக்கவும். நான் நலம்.

பவ்யாவின் செய்தியைப் பிளாக் முழுக்கச் சொல்லிவிட்டேன். ஜஸ்டின் தன் பங்கு வெல்லத்தை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தான்.

நீ குறித்த வரிகளைப் படித்தேன். ஓடம் வலிப்பவர்கள் அலுப்புத் தீர்வதற்காக இடையில் சேர்த்த நையாண்டி அது என்று தோன்றுகிறது. இப்படிச் சில்லறை வரிகள் எல்லாக் கதைப்பாடலிலும் உண்டு என்று குறிப்பிலும் இருக்கிறது. ஒரு வீரன் யாரோ சிரித்ததற்காக ஓர் உயிரை எடுப்பானா? தங்கை அழுதாள், அண்ணன் பொறுக்கவில்லை. தேர்வில் இதைத்தான் எதிர்பார்ப்பார்கள்.

இன்னொரு விஷயம். எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். வரும் மார்ச்சில் எனக்குப் பத்து வருடம் முடிகிறது. முன்விடுதலைக்கு மனு போட்டிருக்கிறேன். நன்னடத்தை அலுவலர் ஒருவர் உன்னைப் பார்க்க வரலாம். இறந்தவரின் குடும்பம் ஆட்சேபிக்கிறதா என்று கேட்பது வழக்கம். புத்தகம் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நம்பு.

உன் நலம் விரும்பும்
அண்ணன்


மத்திய சிறை, கடலூர்
6 அக்டோபர் 2024

அன்புத் தங்கைக்கு,

நலமா? ஆறு வாரமாகக் கடிதம் இல்லை. உடம்புக்கு ஏதுமில்லையே?

மீதிப் பதின்மூன்று பாட்டு வரவில்லை. பரவாயில்லை, குறிப்பை வைத்தே எழுதிவிடலாம். நீ நலமாக இருப்பதாக ஒரு கார்டு போட்டால் போதும்.

அண்ணன்


திருமுல்லைவாயில்
27 அக்டோபர் 2024

அண்ணனுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. மனது இல்லை.

அலுவலர் செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு வந்தார். மரியாதையான மனிதர். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். “ஒரு கையெழுத்துதாம்மா. உங்க அண்ணன் அங்க நல்ல பேரு எடுத்துக்கினு இருக்காரு” என்று ஒரு தாளை நீட்டினார். நான் படித்துப் பார்த்தேன். ‘குடிகாரக் கணவனின் கொடுமையிலிருந்து தங்கையைக் காக்கும் பொருட்டு’ என்று அதில் இருந்தது. நீ மனுவில் எழுதியதைத்தான் போட்டிருப்பதாகச் சொன்னார்.

நான் கையெழுத்துப் போடவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

பவ்யா உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் தெரு முனை தாண்டும்வரை நின்றாள். பிறகு கேட்டாள்.

“அம்மா, ஒன்னு கேக்கட்டா? நீ சொல்லித்தான் மாமா அப்படிச் செஞ்சாரா?”

“இன்னாடி சொல்ற?”

“பன்னண்டு வயசுலேர்ந்து கேக்கணும்னு இருந்தேன். அத்தைங்கல்லாம் அப்படித்தான் பேசிக்கினாங்க. தங்கச்சி அழுதுகினு போய்ச் சொன்னா, அண்ணன் முடிச்சிட்டான்னு. நீ ஒருநாளும் இல்லன்னு சொல்லலையேம்மா.”

ஒன்பது வருடம் அந்தப் பெண் என் கையால் சாப்பிட்டுக்கொண்டே இதை மனதில் வைத்திருந்திருக்கிறாள். நீ கோர்ட்டில் நின்று “என் தங்கச்சிக்காகச் செஞ்சேன்” என்றாய். ஊரே உன்னை அண்ணன் என்றால் இவனல்லவா என்றது. அந்த ஒரு சொல்லால் நான் உன் கூட்டாளி ஆனேன். அது உனக்குத் தெரியுமா?

நான் உன்னிடம் வந்து அழுதேனா? எப்போது அழுதேன், சொல்.

அவர் என்னை அடித்திருக்கிறார், இரண்டு முறை. நான் மறைக்கவில்லை. ஆனால் பவ்யாவின் சடங்குக்கு ஒரு மாதம் முன்பே குடியை நிறுத்திவிட்டார். காலண்டரில் தேதிக்குக் கீழே தினமும் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். நீ அவரை அடித்த அன்று காலை வைத்தது நாற்பத்தோராவது புள்ளி. யாரிடமும் நான் இதைச் சொன்னதில்லை. “பீடை ஒழிஞ்சுதுன்னு நினைச்சுக்கோ” என்று கையைப் பிடித்துச் சொன்னவர்களிடம் எப்படிச் சொல்வேன்? அவருக்காக அழக்கூட எனக்கு இடம் கிடைக்கவில்லை.

மீதிப் பாட்டு எல்லாம் எழுதி முடித்துவிட்டேன். எடுத்த வேலையைப் பாதியில் விடுகிறவள் இல்லை நான். இத்துடன் இருக்கிறது.

ஹேமாவதி


மத்திய சிறை, கடலூர்
24 நவம்பர் 2024

ஹேமா,

நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் நலமாக இரு.

இந்தக் கடிதத்தை நான்குமுறை கிழித்துவிட்டு எழுதுகிறேன். உனக்கு முன்னால் இங்கே ஒருவர் இதைப் படிப்பார். படிக்கட்டும்.

முதலில் பாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொன்னால்தான் மற்றது வரும். நீ அனுப்பிய கடைசிப் பாட்டுகளைப் படித்தேன். பதினைந்தாம் பாட்டுக்குப் பிறகு வல்லான் இல்லை. அவன் பேரே வரவில்லை. மீதி ஒன்பது பாட்டிலும் குவளையாள்தான். அண்ணன் வீட்டுக்குப் போகாமல் புதிய ஓடம் செய்து அவளே துடுப்பைப் பிடிக்கிறாள். வெள்ளத்தில் ஊரையே கரை சேர்க்கிறாள். கூலி கேட்கும்போது ‘நீலன் மனைவி’ என்று சொல்லிக் கேட்கிறாள். பாதியில் வீரன் காணாமல் போகிற வீரக்கதை உலகத்தில் உண்டா? குறிப்பு எழுதியவர் முதல் பாதியை மட்டும் படித்திருக்கிறார். நானும் அப்படித்தான். ஜஸ்டின் முதல்நாளே கையை இழுத்துக் காட்டினான், எனக்கு உறைக்கவில்லை. இது துடுப்பு வலிப்பவள் பாடிய பாட்டு. அவள் கதை. பதினோராம் பாட்டின் இரண்டே வரியில் அவள் தன் அண்ணனைக் காட்டிக்கொடுத்துவிடுகிறாள்.

இனி என் இரண்டு வரி.

பவ்யாவின் சடங்குக்கு முத்தாபுதுப்பேட்டை மண்டபத்தில் நான் தாய்மாமனாக வரிசைத் தட்டோடு வந்தேன். மேளம் வைத்துக் கூட்டிவந்தீர்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு பேர் எனக்காக எழுந்து நின்றதில்லை. குழந்தையின் விரலில் மோதிரம் போட்டேன். உன் வீட்டுக்காரன் கலியமூர்த்தி குனிந்து பார்த்தான். “இன்னா மச்சான், மஞ்சத் தண்ணி பட்டா கறுத்துடாதே?” என்றான். மண்டபமே சிரித்தது. அவன் கெட்ட எண்ணத்தில் சொன்னானோ, விளையாட்டாகச் சொன்னானோ, இன்றுவரை தெரியாது. ஆனால் அது கவரிங்தான், ஹேமா. அவன் சொன்னது பொய்யாக இருந்தால் பொறுத்திருப்பேன்.

ஒன்பது நாள் அந்தச் சிரிப்பு காதில் இருந்தது. பத்தாம் நாள் அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடையில் அவனைப் பார்த்தேன். குடித்திருக்கவில்லை. “வா மச்சான், டீ சாப்ட்டுப் போ” என்று கிளாஸை நீட்டினான். பக்கத்துச் சைக்கிள் கடையில் கம்பி சாத்தியிருந்தது.

கோர்ட்டில் அவன் குடித்திருந்தான் என்றேன், உன்னைத் திட்டினான் என்றேன். இரண்டும் பொய். ‘தங்கச்சிக்காக’ என்று வக்கீல்தான் முதலில் சொன்னார். சொன்னதும் அது எனக்குப் பிடித்துப்போயிற்று. அதைப் போர்த்திக்கொண்டுதான் இத்தனை வருடம் தூங்கினேன்.

நீ என்னிடம் ஒருநாளும் அழவில்லை. நீ எதுவும் கேட்கவில்லை. பவ்யாவிடம் இதைக் காட்டு.

ஜெயராமன்


திருமுல்லைவாயில்
22 டிசம்பர் 2024

அண்ணனுக்கு,

நாங்கள் இருவரும் நலம். அங்கே பனி அதிகமாக இருந்தால் தலையை மூடிக்கொள்.

கடிதத்தைப் பவ்யாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மாடிக்குப் போனாள். ஒரு மணி நேரம் கழித்து இறங்கிவந்து, “அப்பா புள்ளி வெச்ச காலண்டர் இருக்காம்மா?” என்றாள். பீரோவில் உன் கடிதங்களுக்கு அடியில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு புள்ளியாக விரல் வைத்து எண்ணினாள். “நாப்பத்தொன்னும்மா. எங்க அப்பா நாப்பத்தோரு நாள் ஜெயிச்சிருக்காரு” என்றாள். பிறகு என் மடியில் தலைவைத்து அழுதாள். நானும் அழுதேன். ஒன்பது வருடத்தில் அவருக்காக நாங்கள் சேர்ந்து அழுதது அன்றுதான்.

அவள் அப்பா படத்துக்கு இப்போது புது மாலை போட்டிருக்கிறாள். காலண்டரையும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு வரவில்லை. வராததை எழுதமாட்டேன். தேர்வை நன்றாக எழுது.

ஹேமாவதி


மத்திய சிறை, கடலூர்
23 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை ஹேமாவுக்கு,

நான் நலம். நீயும் மருமகளும் நலமென்று நம்புகிறேன்.

நேற்று தேர்வு முடிவு வந்தது. முதல் வகுப்பு. கதைப்பாடல் தாளில் எண்பத்தொன்று. கேள்வி இப்படித்தான் வந்தது: ‘குவளையாள் ஓடப்பாட்டு எவ்வகை இலக்கியம்? வல்லான் செயலின் காரணத்தை மதிப்பிடுக.’ ஆறு பக்கம் எழுதினேன். குறிப்பில் உள்ளதற்கு நேரெதிராக எழுதினேன். மதிப்பெண் போய்விடும் என்று ஆசிரியர் முன்பே எச்சரித்திருந்தார். போனால் போகட்டும் என்று எழுதினேன். திருத்தியவர் யாரோ, எண்பத்தொன்று போட்டிருக்கிறார். அதில் பாதி பதினோராம் பாட்டைப் படிக்கச் சொன்னவளுக்கு.

பிளாக்கில் கைதட்டினார்கள். ஜஸ்டின் என்னைத் தூக்கிவிட்டான். அப்போது எனக்கு மண்டபத்து நினைவு வரவில்லை. அன்று இரவல் பெருமை. இது அப்படியில்லை.

முன்விடுதலை மனுவைத் திருத்தி எழுதிக் கொடுத்துவிட்டேன். பாசம், கொடுமை, காத்தல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். ‘அவமானம் தாங்காமல் ஒரு மனிதனைக் கொன்றேன். அவன் என்னைத் தாக்கவில்லை’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். இதனால் மனு தள்ளுபடி ஆகலாம் என்றார்கள். அலுவலர் மறுபடி உன்னிடம் வருவார். நீ உனக்குச் சரியென்று பட்டதைச் சொல். எனக்காக எதுவும் சொல்லாதே.

அண்ணன்
ஜெயராமன்


திருமுல்லைவாயில்
16 மார்ச் 2025

அண்ணனுக்கு,

நலம். வெயில் இப்போதே கொளுத்துகிறது. எண்பத்தொன்றுக்கு என் வாழ்த்து. கம்பெனியில் என் லைனில் இருக்கும் பெண்களிடம் சொன்னேன். யார் என்று கேட்டார்கள். “எங்க அண்ணன். ஜெயில்ல கீறாரு” என்றேன். பத்து வருடத்தில் முதல்முறையாக அதைத் தலைகுனியாமல் சொன்னேன். மறுநாள் அவர்களில் இருவர் அந்தப் பாட்டைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள்.

அலுவலர் நேற்று மாலை வந்தார். புதிய தாள் கொண்டுவந்தார். நீ எழுதியதையும் காட்டினார். ஆனால் அவர் தயாரித்த அறிக்கையில் ‘தங்கையின் நலன் கருதி’ என்ற வரி அப்படியே இருந்தது.

“சார், இத்த அடிச்சிடுங்க” என்றேன்.

“அது இருந்தா உங்க அண்ணனுக்குத்தான் நல்லதும்மா. மேல படிக்கிறவங்க இரக்கப்படுவாங்க.”

“எங்க அண்ணனே எடுத்துட்டாரு, நீங்க எதுக்கு வெக்கறீங்க? எனக்காக யாரும் யாரையும் கொல்லல. எனக்கு ஆட்சேபணை இல்லன்னு எழுதிக்கோங்க. ஆனா எங்க ஊட்டுக்காரரு சாகும்போது குடிச்சிருக்கல, குடிய உட்டு நாப்பத்தோரு நாளாச்சுன்னும் எழுதணும். ரெண்டையும் எழுதினா கையெழுத்து போடறேன்.”

பவ்யா பக்கத்தில் வந்து நின்று, “நான் வேணா டைப் பண்ணித் தரட்டா சார்?” என்றாள். அவர் தாளைத் திருப்பிவைத்துத் தன் கையாலேயே எழுதினார். நான் இரண்டுமுறை படித்துப் பார்த்தேன். பிழை இல்லை.

எப்போது விடுவார்கள், விடுவார்களா என்று எனக்குத் தெரியாது. விட்டால் நேராக வீட்டுக்கு வராதே. அதற்கு நானும் பவ்யாவும் இன்னும் தயாராகவில்லை. எந்த ரயிலில் வருகிறாய் என்று முன்னால் எழுது. ஸ்டேஷனுக்கு வருகிறேன். பெஞ்சில் உட்கார்ந்து பேசுவோம்.

கையெழுத்துப் போடும் இடத்தில் ‘கைதியின் தங்கை’ என்று அச்சடித்திருந்தது. அதையும் அடித்துவிட்டு என் பெயரை முழுதாக எழுதினேன்:

கலியமூர்த்தி மனைவி ஹேமாவதி.